நாய்க்கு மூட்டு வலி, ஆபரேஷன் பண்ணணுமா வேணாமா? அடிக்கடி வர்ற கேள்விகள்

எங்க வீட்டு கருப்பன் ஒரு கருப்பு லேப்ராடார், ஒன்றரை வயசுல இடுப்பு மூட்டு சரியில்லன்னு தெரிஞ்சுது, இப்ப ஒன்பது வயசு, இன்னும் கத்தி படல. எங்க அக்கா பையன் வளர்த்த ராட்வீலருக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சு, "பாத்துக்கலாம் பாத்துக்கலாம்"னு ஆபரேஷன தள்ளிப்போட்டு கடைசில ரெண்டு மடங்கு கஷ்டப்பட்டாங்க. இந்த ரெண்டு கதையும் தெரிஞ்சதால பெசன்ட் நகர் பீச்சுல காலைல நாயோட வர்றவங்க என்கிட்ட ஒரே சந்தேகத்த விதவிதமா கேக்கறாங்க, அதான் எல்லாத்தையும் சேர்த்து எழுதி வெச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, டாக்டர்ங்க கிட்ட கேள்வி கேட்டு கேட்டு கத்துக்கிட்டவ, அவ்வளவுதான்.

படுத்து எந்திரிக்கும்போது ரொம்ப கஷ்டப்படறான், ரெண்டு தெரு நடந்தா சரியாயிடறான். இது வயசானதாலயா?

அப்படி காலைல விறைச்சு எந்திரிச்சு அப்புறம் சூடு ஏற ஏற சரியாகறதுதான் மூட்டு வியாதிக்கு முதல் அடையாளமே. வயசு ஒரு காரணமா இருக்கலாம், ஆனா "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடறதுக்கு அது பதில் இல்ல. இன்னும் சிலது பாருங்க: ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவறது, நேரா உக்காராம ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்கார்றது, முன்னாடி தாவி ஏறின சோஃபா முன்னாடி இப்ப நின்னு யோசிக்கறது, ஒரே மூட்ட நக்கிக்கிட்டே இருக்கறது.

இதெல்லாம் வீட்லயே போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க. கிளினிக் போனதும் பயத்துல எல்லா நாயும் ராணுவ நாய் மாதிரி நடக்கும், டாக்டருக்கு ஒன்னும் தெரியாது.

கத்தவே மாட்டேங்கறானே அக்கா, அப்ப வலி இல்லதானே?

வலி இருக்கு. நாய் நொண்டுதுன்னாலே பெரும்பாலும் வலிக்குதுன்னுதான் அர்த்தம். நாள்பட்ட வலிக்கு நாய் கத்தாது, அமைதியாயிடும், நாம "இப்பல்லாம் சமத்தா இருக்கான்"னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருப்போம்.

ஹிப் டிஸ்ப்ளேசியான்னா என்ன? பாலும் முட்டையும் கால்சியம் சிரப்பும் கொடுத்து ராஜா மாதிரி வளர்த்தோமே, எப்படி வந்துச்சு?

ஆட்டுக்கல்ல நினைச்சுக்கங்க. குழி ஆழமா இருந்து குழவி கச்சிதமா உக்காந்தா அது பாட்டுக்கு சுத்தும். குழி ஆழம் இல்லாம குழவி ஆடிக்கிட்டே இருந்தா ஓரமெல்லாம் தேயும். இடுப்புல தொடை எலும்போட உருண்டைத் தலைதான் குழவி, இடுப்பெலும்புல இருக்கற கிண்ணம்தான் குழி. வளர்ற வயசுல அது லூஸா இருந்தா கிண்ணம் ஆழமாகாது, உருண்டை உருண்டையா இருக்காது, அப்புறம் வாழ்நாள் பூரா தேய்மானம். லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன், ராட்வீலர், செயின்ட் பெர்னார்ட் மாதிரி பெரிய ஜாதிகளுக்கு இது பரம்பரைல வருது. அப்பா அம்மா இடுப்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காம குட்டி போட வைக்கறாங்களே, கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது.

ஆனா பரம்பரைல வந்தத எவ்வளவு மோசமாக்கறதுங்கறது நம்ம கைல இருக்கு, அந்த "ராஜா மாதிரி" வளர்ப்புதான் வில்லன். பெரிய ஜாதி குட்டிக்கு நல்ல பப்பி ஃபுட் கொடுத்துக்கிட்டே மேல கால்சியம் சிரப் ஊத்தினா எலும்பு வளர்ச்சி கெடும், பலமாகாது. எடை விஷயத்துல 1987ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு, 48 லேப் குட்டிங்கள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடில ஒன்னுக்கு மத்ததவிட 25 சதவீதம் கம்மியா சாப்பாடு, சாகற வரைக்கும் அப்படியே. கம்மியா சாப்பிட்ட பக்கம் பாதி நாய் 13 வயச தாண்டுச்சு, இன்னொரு பக்கம் பாதி நாய் 11.2 வயசுக்குள்ளயே போயிடுச்சு, இடுப்பு தேய்மானமும் ஒல்லி நாய்களுக்கு கம்மியா, லேட்டா வந்துச்சு. இத படிச்சப்ப கருப்பன் எடை 41 கிலோ, எனக்கு முகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

எக்ஸ்ரேக்கு எதுக்கு மயக்க ஊசி? நாங்களே கெட்டியா பிடிச்சுக்கறோமே?

மல்லாக்கப் படுக்க வெச்சு ரெண்டு பின்னங்காலையும் நேரா நீட்டி சமமா திருப்பி எடுக்கணும். வலி உள்ள நாய் அதுக்கு சம்மதிக்காது, தசைய இறுக்கிக்கும், படம் கோணலா வரும், லூஸா இருக்கற மூட்டு கூட டைட்டா தெரியும். மயக்கத்துல இருக்கும்போதே டாக்டர் கையால மூட்ட அசைச்சு 'டொக்'னு வழுக்குதான்னும் பார்த்துடுவார், அது குட்டிங்களுக்கு படத்தவிட முக்கியம். முழிச்சிருக்கும்போது நாலு பேர் பிடிச்சு எடுத்த படத்த நம்பி ஆபரேஷன் முடிவெடுக்காதீங்க.

எக்ஸ்ரே பார்த்துட்டு "ரொம்ப மோசம், உடனே ஆபரேஷன்"னு சொல்லிட்டாங்க. எனக்கு கை கால் நடுங்குது, என்ன பண்றது?

இதேதான் எனக்கும் நடந்துச்சு. முதல்ல பார்த்த டாக்டர் படத்த லைட்டு முன்னாடி வெச்சு "இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இவன் எப்படி நடக்கறான்னே தெரியல"ன்னார், நான் திரும்பிப் பார்த்தா அவன் அந்த ரூம் குப்பைக்கூடைல தலைய விட்டுக்கிட்டு நிக்கறான்.

இடுப்பு தேய்மானத்துல எக்ஸ்ரேயும் நாய் படற கஷ்டமும் பெரும்பாலும் ஒத்தே போகாது. படம் பயங்கரமா இருக்கும், நாய் பந்து விளையாடும். படம் சுமாரா இருக்கும், நாய் எந்திரிக்கவே அழும். அதனால வளர்ந்த நாய்க்கு இடுப்புல தேய்மானம்னு தெரிஞ்சா அன்னைக்கே முடிவெடுக்க வேண்டிய அவசரம் பொதுவா கிடையாது. எடை, மருந்து, தரை, நடை இத ஒழுங்கா ரெண்டு மூணு மாசம் செஞ்சு பார்த்துட்டு, அப்பவும் அவன் நாள் எப்படிப் போகுதுங்கறத வெச்சுதான் முடிவு.

ஆனா இத எல்லா மூட்டுக்கும் எடுத்துக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். காத்திருந்தா நஷ்டமாகற கேஸும் இருக்கு, அடுத்த ரெண்டு கேள்வி அதுதான்.

அப்ப எதுக்கு ஆபரேஷன் வேணும், எதுக்கு வேணாம்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரில வராதுங்க, எந்த மூட்டுங்கறதுதான் பாதி பதில். முட்டி ஜவ்வு, அதாவது கிரிக்கெட் பிளேயருக்கெல்லாம் கிழியுதே அந்த லிகமென்ட், அது கிழிஞ்சா நல்லா ஓடிக்கிட்டிருந்த நாய் திடீர்னு ஒரு பின்னங்கால தூக்கிடும், இல்ல விரல் நுனிய மட்டும் தரையில தொடும். 15 கிலோவுக்குக் கீழ உள்ள சின்ன நாய்ங்க நிறைய ஓய்வு, எடை குறைப்புலயே தேறிடும். லேப், ராட்வீலர் சைஸுக்கு அப்படி விட்டா முட்டி ஒவ்வொரு அடிக்கும் முன்பக்கமா வழுக்கிக்கிட்டே இருக்கும், உள்ள இருக்கற குஷன் மாதிரி மெனிஸ்கஸும் கிழியும், தேய்மானம் ஏறிக்கிட்டே போகும். அங்க ஆபரேஷன்தான் நல்லதுன்னு பெரும்பாலான சர்ஜன்ங்க சொல்வாங்க. எலும்போட சரிவ வெட்டித் திருப்பி பிளேட் வைக்கற டி.பி.எல்.ஓ. ஒரு முறை, வெளிய இருந்து கெட்டியான நூல் போட்டு இழுத்துக் கட்டறது இன்னொரு முறை, பெரிய நாய்க்கு முதல்ல சொன்னதுதான் பொதுவா நல்லா வருது. அக்கா பையன் ஏழு மாசம் தள்ளிப்போட்டது இதத்தான்.

முட்டிச் சில்லு விலகறது பக், பொமரேனியன், சிவாவா மாதிரி குட்டி ஜாதிங்களுக்கு ஜாஸ்தி. நாலு கிரேடு இருக்கு. ஓடும்போது ரெண்டு அடி கால தூக்கிட்டு அப்புறம் உதறிட்டு ஓடுதுன்னா பெரும்பாலும் ஒன்னு ரெண்டாவது கிரேடு, ஒன்னுக்கு ஆபரேஷன் தேவைப்படறது அபூர்வம், ரெண்டுல எவ்வளவு அடிக்கடி நொண்டுதுன்னு பார்க்கணும். மூணு நாலுன்னா சில்லு எப்பவும் வெளியதான் கிடக்கும், அதுவும் வளர்ற குட்டின்னா காலே வளைஞ்சுடும், சீக்கிரம் சர்ஜன பாருங்க. முன்னங்கால் முழங்கைல சின்ன எலும்புத் துண்டு உடைஞ்சு கிடந்தா சின்ன வயசுல எடுத்துவிடறது உண்டு, வயசான முழங்கைத் தேய்மானத்துக்கு ஆபரேஷன் பெருசா கை கொடுக்கறதில்ல.

நாலு மாசக் குட்டி, இப்பவே இடுப்பு லூஸுங்கறாங்க. வளர்ந்தா தானா டைட் ஆயிடாதா?

சில குட்டிக்கு வயசு ஏற ஏற மூட்டச் சுத்தி நார் படர்ந்து நொண்டல் குறையும், ஆனா கிண்ணத்தோட ஆழம் திரும்ப வராது. இந்த வயசுலதான் நாள் கணக்கு முக்கியம். அஞ்சு மாசத்துக்குள்ள, அதுவும் நாலு மாசத்துக்குள்ளன்னா இன்னும் நல்லது, இடுப்பெலும்போட கீழ் பக்க வளர்ச்சிய நிறுத்திவிடற ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கு, அத பண்ணினா மேல் கூரை உருண்டைய நல்லா மூடற மாதிரி எலும்பு வளரும். அது தாண்டினா சுமார் பத்து மாசம் வரைக்கும், தேய்மானம் ஆரம்பிக்காம இருந்தா, இடுப்பெலும்ப வெட்டித் திருப்பி பிளேட் போடறது உண்டு. தேய்மானம் வந்தப்புறம் இந்த ரெண்டு கதவும் மூடிடும்.

நம்ம ஊர்ல இத பண்றவங்க ரொம்ப கம்மி, அதனால "அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது பாக்கலாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காம அந்த வாரமே ஒரு எலும்பு சர்ஜன் கிட்ட காட்டுங்க. ஆபரேஷன் வேணாம்னு அவரே சொல்லலாம், ஆனா நேரம் இருக்கும்போது சொல்லட்டும்.

வளர்ந்த நாய்தான், இடுப்புக்கு ஆபரேஷன்னு முடிவாயிடுச்சு. உருண்டைய வெட்டி எடுக்கறதா, புது மூட்டு வைக்கறதா?

உருண்டைய வெட்டி எடுக்கறது எஃப்.ஹெச்.ஓ., தேயற எலும்பே இல்லன்னா உரசலும் இல்ல, சுத்தி இருக்கற தசையும் நாரும் சேர்ந்து ஒரு பொய் மூட்டு உருவாகும். கால் கொஞ்சம் குட்டையாகும், நடையில ஒரு சாய்வு இருக்கும், ஆனா வலி போகும். 20 கிலோவுக்குக் கீழ உள்ள நாய்க்கு நல்லா வரும், பெரிய நாய்க்கு எப்படி வரும்னு முன்னாடியே சொல்றது கஷ்டம், குண்டு நாய்க்கு இன்னும் கஷ்டம். அதோட ஆபரேஷன் முடிஞ்ச சில நாள்லயே கால பயன்படுத்த வைக்கணும், பாவம்னு படுக்க வெச்சே பார்த்துக்கிட்டீங்கன்னா தசை சுருங்கி மூட்டு இறுகிடும்.

புது மூட்டு வைக்கறதுதான் இயற்கையான இடுப்புக்கு ரொம்ப பக்கத்துல வர்றது. ஆனா வளர்ச்சி முடிஞ்சிருக்கணும், செலவு பல மடங்கு, பழகின கை வேணும், மூட்டு நழுவறது, சீழ் பிடிக்கறதுன்னு ஆச்சுன்னா திரும்பவும் உள்ள போகணும். "இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க, எத்தனைல பிரச்சனை வந்துச்சு"ன்னு கேக்க வெக்கப்படாதீங்க, நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டார்.

ஆபரேஷன் இல்லாம ரெண்டு மூணு மாசம் பார்க்கச் சொன்னீங்களே, அதுல சரியா என்னதான் பண்ணணும்?

முதல் வேலை எடை. அதிக எடை உள்ள நாய் ஆறு சதவீதம் குறைஞ்சாலே நொண்டல் குறையறது அளந்து பார்த்து தெரிஞ்ச விஷயம், 41 கிலோ கருப்பனுக்கு அது வெறும் ரெண்டரை கிலோ. எங்க வீட்ல தயிர் சாதம் பாதியாச்சு, தாத்தா கையால போற பிஸ்கட்டுக்கு பதிலா வெள்ளரிக்கா, சாப்பாட்ட தராசுல நிறுத்துதான் வெச்சோம். 33 கிலோ வர பத்து மாசம் ஆச்சு, தாத்தாவ சமாளிச்சதுதான் அதுல பெரிய வேலை. விலா எலும்ப தடவினா கையில தட்டுப்படணும், மேல இருந்து பார்த்தா இடுப்பு உள்ள வாங்கியிருக்கணும்.

அடுத்து தரை. நம்ம வீட்டு டைல்ஸ், கிரானைட் எல்லாம் இந்த நாய்ங்களுக்கு ஐஸ் மேல நடக்கற மாதிரி. அவன் நடக்கற வழியில ரப்பர் அடி வெச்ச மேட், பழைய யோகா மேட் போடுங்க, பாதத்துக்கு நடுவுல வளர்ற முடிய வெட்டுங்க. நடைய நிறுத்தாதீங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓட விடாம தினம் ரெண்டு மூணு தடவ சின்னச் சின்னதா கயித்துல நடத்துங்க. மார்கழிக் குளிர்ல அவனுக்கு விறைப்பு ஜாஸ்தியாகும், வெறும் தரைல படுக்க விடாதீங்க. நீச்சல் கிடைச்சா ரொம்ப நல்லது.

மருந்துன்னா நாய்க்குன்னே உள்ள வலி மாத்திரை, கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் மாதிரி, டாக்டர் சொன்ன அளவு, சாப்பாட்டோட. ஆரம்பிக்கும் முன்னாடி கிட்னி, லிவர் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. வாந்தியோ கருப்பா மலமோ போனா நிறுத்திட்டு உடனே போன் பண்ணுங்க. ஸ்டீராய்டோட சேர்த்து கொடுக்கவே கூடாது, வேற கிளினிக்ல ஏதாவது ஊசி போட்டிருந்தா மறக்காம சொல்லுங்க. தினமும் காலண்டர்ல நல்ல நாள், கெட்ட நாள்னு ஒரு கோடு போட்டு வாங்க, மூணு மாசம் கழிச்சு அந்த காலண்டர் எக்ஸ்ரேயவிட தெளிவா பேசும்.

வீட்ல இருக்கற டைக்ளோஃபெனாக் பாதி மாத்திரை கொடுத்தா என்ன? நமக்கு கேக்குதே?

வேணாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ரெண்டுமே நாய்க்கு வயிறு, குடல்ல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், கிட்னிய அடிக்கும். இதே டைக்ளோஃபெனாக்தான் நம்ம நாட்டுல பிணந்தின்னிக் கழுகுங்கள கூட்டம் கூட்டமா கொன்னதுன்னு 2006ல கால்நடைக்கு தடை பண்ணினாங்க, இன்னும் ஊசி மட்டும் எப்படியோ கிடைக்குது. காய்ச்சல் மாத்திரையும் நீங்களா கணக்கு போட்டு கொடுக்காதீங்க. டாக்டரே மனுஷங்களோட கேபாபென்டின்ங்கற நரம்பு வலி மருந்த எழுதிக் கொடுத்தா மாத்திரையா வாங்குங்க, சிரப்புல சைலிட்டால் இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு விஷம்.

குளுக்கோசமைன் கொடுத்தா போதுமா? பிரண்டை? எங்க மாமா புத்தூர் கட்டு போடலாம்ங்கறார்.

குளுக்கோசமைன் கெடுதல் இல்ல, ஆனா பெரிய பலன்னு நிரூபணமும் இல்ல, அந்த காசுல மீன் எண்ணெய் வாங்கினா கொஞ்சமாவது அர்த்தம் இருக்கு, அதுவும் டாக்டர் சொல்ற அளவுல. பிரண்டைத் துவையல் நீங்க சாப்பிடுங்க. புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்கு, இங்க எதுவும் முறியல, இறுக்கிக் கட்டினா தசைதான் இன்னும் சூம்பும்.

இடுப்புன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணியும் நொண்டல் போகலைன்னு ஒருத்தர் சொன்னார், அப்படியும் ஆகுமா?

ஆகும், ஏன்னா நடுத்தர வயசு லேப்ராடார எடுத்து எக்ஸ்ரே போட்டா நிறைய நேரம் இடுப்புல ஏதோ ஒன்னு தெரியத்தான் செய்யும், ஆனா இன்னைக்கு நொண்டறது முட்டி ஜவ்வால இருக்கலாம். திடீர்னு நொண்ட ஆரம்பிச்ச வளர்ந்த நாய்க்கு முட்டிய ஆட்டிப் பார்க்காம இடுப்புன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா நீங்களே கேளுங்க.

நம்ம ஊருக்கு இன்னொன்னு, உண்ணிக் காய்ச்சல். எர்லிச்சியா மாதிரி கிருமி ரத்தத்துல இருந்தா ஒன்னுக்கு மேல மூட்டு வீங்கும், இன்னைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால்னு மாறி மாறி நொண்டும், சோர்வு, காய்ச்சல், பிளேட்லெட் குறையும். அதுக்கு மாத்திரைதான். இது தெரியாம கத்தி வெச்சா ரத்தம் நிக்காத ஆபத்து வேற. மூணாவது முதுகுத்தண்டு. கால் நகம் தரைல தேய்ஞ்சுக்கிட்டே வருது, பாதம் மடங்கி மேல் பக்கத்தால நடக்கறான், பின்பக்கம் குடிச்சவன் மாதிரி தள்ளாடுதுன்னா அது மூட்டு இல்ல, நரம்பு.

பதினோரு வயசு ஆச்சு, மயக்க மருந்து தாங்குவானா?

வயச மட்டும் வெச்சு யாரும் சொல்ல முடியாது, ரத்த டெஸ்ட், இதய ஸ்கேன், பிளட் பிரஷர் பார்த்துட்டு சொல்லலாம், பதினோரு வயசுல தாங்கற நாயும் உண்டு, அஞ்சு வயசுல தாங்காததும் உண்டு. நான் வேற மாதிரி யோசிப்பேன். ஆபரேஷனுக்கு அப்புறம் முழுசா தேற மூணு நாலு மாசம், பெரிய நாயோட பதினோரு வயசுல அது பெரிய பங்கு. மத்த மூணு கால் அந்த பாரத்த தாங்குமான்னும் பாருங்க. ஜவ்வு கிழிஞ்சு கால ஊனவே முடியலன்னா இந்த வயசுலயும் பண்ணலாம், இடுப்புத் தேய்மானம்னா பெரும்பாலும் மருந்துலயே ஓட்டலாம்.

செலவு எவ்வளவு ஆகும்? வேப்பேரில பண்ணலாமா?

ஊருக்கு ஊர், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் மாறும், நான் ஒரு தொகை சொல்லி உங்கள ஏமாத்த விரும்பல. வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல இருந்து இருக்கு, அதோட ஆஸ்பத்திரில பிரைவேட்ட விட கட்டணம் கம்மி, ஆனா கூட்டம், காலைல சீக்கிரம் போய் சீட்டு வாங்கி காத்திருக்கணும், ஒரு நாள் லீவு போட்டுடுங்க. நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு அங்கயும் கால்நடைக் கல்லூரி இருக்கு. எங்க போனாலும் பிளேட் விலை, திரும்ப எடுக்கற எக்ஸ்ரே, பிசியோ, தையல் பிரிக்கறது எல்லாம் அந்த தொகைல சேர்த்தியான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பண்ணினா சமாளிப்போமா?

இதத்தான் யாரும் ஆபரேஷனுக்கு முன்னாடி யோசிக்கறதில்ல. முட்டி ஆபரேஷன்னா எலும்பு ஒட்டினது எக்ஸ்ரேல தெரியற வரைக்கும், சுமார் எட்டு வாரம், ஓட்டம் தாவல் படி எதுவும் கூடாது, ஒன்னுக்கு ரெண்டுக்கு கயித்துல போயிட்டு வர்றதோட சரி. தையல நக்காம இருக்க கழுத்துல பக்கெட் மாதிரி காலர். 30 கிலோ நாய ஒரு நாளைக்கு நாலு தடவ மூணு மாடி யார் தூக்குவா? வயித்துக்குக் கீழ துண்டு போட்டு தாங்கறது சமதரைல சரி, படிக்கட்டுல ரெண்டு பேர் வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ரெண்டு மாசத்துக்கு கிரவுண்ட் ஃப்ளோர் சொந்தக்காரங்க வீட்லயே போய் தங்கிட்டாங்க, பைத்தியக்காரத்தனமா தெரியலாம், அவங்க நாய் நல்லா தேறிச்சு. அப்படி எந்த வழியும் இல்லன்னா சர்ஜன் கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ஆபரேஷன எப்ப வெக்கறதுங்கறது கூட மாறலாம்.

ஒரு முட்டிக்கு பண்ணி ஒரு வருஷம் ஆச்சு, இப்ப இன்னொரு கால் நொண்டுது. அப்ப அந்த ஆபரேஷன் ஃபெயிலா?

இல்ல. நாய்க்கு ஜவ்வு ஒரு அடிபட்டு கிழியறது கம்மி, உள்ளுக்குள்ள நைஞ்சு நைஞ்சுதான் அறுந்து போகுது, ரெண்டு காலும் ஒரே உடம்புதானே. ஒரு பக்கம் கிழிஞ்ச நாய்ங்கள்ல நூத்துக்கு 40லருந்து 60 வரைக்கும் அடுத்த பக்கமும் கிழியுது. அதனால முதல் ஆபரேஷனுக்கு பட்ஜெட் போடும்போதே ரெண்டாவத மனசுல வெச்சுக்கங்க, எடைய விடாதீங்க.

ரெண்டு டாக்டர், ஒருத்தர் பண்ணுங்கறார், ஒருத்தர் வேணாம்ங்கறார். யார நம்பறது?

ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மூணு கேள்விய கேளுங்க. எந்த மூட்டு, என்ன கோளாறு, அத எந்த டெஸ்ட்ல உறுதி பண்ணினீங்க? இப்ப பண்ணாம மூணு மாசம் கழிச்சு பண்ணினா என்ன கெடும்? பண்ணினாலும் வலி மாத்திரை தொடரணுமா? எங்க ரெண்டாவது டாக்டர் ரெண்டாவது கேள்விக்கு "ஒன்னும் கெடாதும்மா, பெரிய ஆபரேஷன் எப்பவும் பாக்கி இருக்கு, முதல்ல எட்டு கிலோ குறைங்க"ன்னார். ராட்வீலர பார்த்த சர்ஜன் கிட்ட அதே கேள்விய கேட்டப்ப "மெனிஸ்கஸ் போயிடும்"னு நேரா சொன்னார், அக்கா பையன்தான் காதுல வாங்கல.